தொட்டால் என்ன குற்றம்? ரோபோ போட்டிகளில் கை வைத்த கதை

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டு வந்தார்கள். "ஹாஸ்டல் மெஸ் கதை வேண்டாம் சார், அதை ஏற்கெனவே நாலு பேர் எழுதிக் கொடுத்துட்டாங்க. இப்போ படிக்கிற பசங்களுக்கும் உபயோகப்படற மாதிரி ஏதாவது வேணும்" என்றார்கள். கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் ரோபோ போட்டிகளில் சில ஆண்டுகளாக எல்லைக்கோட்டு நடுவராக நிற்கிறவன் நான். அந்த முறையில் எனக்குத் தெரிந்த ஒரு சின்னச் சரித்திரத்தை எழுதலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

இந்த விஷயத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. நம் கல்லூரி ரோபோ மன்ற மாணவர்கள் அடுத்த போட்டிக்கான விதிகளை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். களத்தின் அளவு, வண்டியின் எடை, பேட்டரி எல்லாம் தகராறு இல்லாமல் முடிந்துவிட்டது. ஒரே ஒரு விதியில்தான் மன்றம் இரண்டு கட்சியாக நிற்கிறது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ரோபோவைக் கையால் தொடலாமா, கூடாதா?

"தொட்டா அவுட். அவ்வளவுதான். இல்லேன்னா அது ரோபோ போட்டியே இல்லை" என்கிறது ஒரு கட்சி. "ஆறு மாசம் தூங்காம செஞ்ச வண்டி சார். ஒரு ஒயர் கழண்டதுக்காக மூணு நிமிஷமும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்கிறது மறு கட்சி.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்தச் சண்டை நம் பசங்க ஆரம்பித்ததும் அல்ல. இயந்திரம் தானாக நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே இது இருந்து வருகிறது. உலகம் இதை எப்படியெல்லாம் தீர்த்துப் பார்த்தது என்று தெரிந்தால், நம் தீர்ப்பும் சுலபமாகும்.

எலியை எடுத்து வைத்த கை

1950-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாட் ஷானன் என்ற கணித மேதை, ஓர் இயந்திர எலியைச் செய்தார். தீசியஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கப் புராணத்தில் வழி தெரியாத மாளிகைக்குள் புகுந்து மீண்டு வந்த வீரனின் பெயர் அது. 25 கட்டங்கள் கொண்ட ஒரு பலகை, நடுநடுவே தடுப்புகள். எலி முட்டி மோதி இலக்கைக் கண்டுபிடிக்கும். இரண்டாம் தடவை முட்டாமல் மோதாமல் நேரே போய்ச் சேரும். உண்மையில் எலிக்குள் மூளை எதுவும் கிடையாது. பலகைக்கு அடியிலிருந்த டெலிபோன் ரிலேக்கள்தான் அதன் ஞாபகசக்தி. ஒரு காந்தம் அடியிலிருந்து அதை நகர்த்தியது.

ஷானன் அந்த எலியைக் கையால் எடுத்து வேறொரு கட்டத்தில் வைத்துக் காட்டுவார். ஏற்கெனவே போன கட்டம் என்றால் நேராக இலக்குக்கு ஓடும். புது இடம் என்றால், தெரிந்த இடம் வரும்வரை தேடும். ஆக, அன்று மனிதன் கை வைத்தது குற்றமே இல்லை. கையால் எடுத்து வைப்பதுதான் இயந்திரத்துக்குப் பரீட்சையாக இருந்தது.

போட்டி, பரிசு என்று வந்த பிறகு கதை மாறிற்று. 1977-இல் அமெரிக்காவின் 'ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம்' பத்திரிகை, வழி கண்டுபிடிக்கும் எலிகளுக்கு ஒரு போட்டி அறிவித்தது. இறுதிச் சுற்று 1979-இல் நியூயார்க்கில் நடந்தது. பலர் மூளையுள்ள எலிகளைச் செய்துகொண்டு வந்தார்கள். ஆனால் வேகத்தில் முந்தியது, யோசிக்கவே யோசிக்காமல் சுவரை ஒட்டிக்கொண்டே ஓடிய ஓர் எலி! அதைக் குற்றம் சொல்ல முடியாது. விதியில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது ஓடிற்று.

இதைக் கவனித்த பிரிட்டன்காரர் ஜான் பில்லிங்ஸ்லி, 1980-இல் லண்டனில் நடந்த ஐரோப்பியப் போட்டிக்காக இலக்கை நடு மையத்துக்கு மாற்றினார். சுவரை ஒட்டி ஓடும் எலி சுற்றிச் சுற்றி வருமே தவிர, மையத்தைத் தொடாது. 16-க்கு 16 கட்டங்கள், ஒவ்வொன்றும் 18 சென்டிமீட்டர் என்ற அந்தக் களம்தான் மைக்ரோமவுஸ் போட்டிகளின் பிரபலமான அளவாக நிலைத்தது. ஒரு வரி விதியை மாற்றினால் விளையாட்டே மாறிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கை விஷயத்திலும் எலிப் போட்டிக்காரர்கள் ரொம்பக் கறார். களத்தின் அமைப்பைப் போட்டியாளர்கள் பார்த்துவிட்ட பிறகு, அதைப் பற்றி எலிக்கு எந்தத் தகவலும் கொடுக்கக் கூடாது. எலி சிக்கிக்கொண்டால் எடுக்கலாம், ஆனால் அந்த ஓட்டம் அதோடு முடிந்தது. மறுபடி முதல் கட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். சில போட்டிகளில், கடைசிவரை கை படாமலே ஓடிய எலிக்கு நேரத்தில் 10 விநாடி சலுகையும் உண்டு. பரீட்சையாக இருந்த கை, இங்கே காப்பி அடிக்க உதவும் கையாகப் பார்க்கப்பட்டது. தொட்டுத் திருப்புகிறவன் ரோபோவுக்கு விடை சொல்லிக் கொடுக்கிறான் அல்லவா?

அதே 1979, வேறொரு பாடம்

நியூயார்க்கில் எலிகள் ஓடிய அதே ஆண்டில், ஜனவரி 25 அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ளாட் ராக் என்ற ஊரிலிருந்த ஃபோர்டு வார்ப்பாலையில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற 25 வயதுத் தொழிலாளி இறந்தார். அடுக்குகளிலிருந்து வார்ப்புகளை எடுத்துத் தரும் ரோபோவின் வேலையைத் தானே செய்ய அடுக்குக்குள் ஏறினார். ரோபோவின் கை அவரைத் தாக்கியது. 1981-இல் ஜப்பானின் அகாஷி நகரில் கவாசாகி ஆலையிலும் இதே போல ஒரு பராமரிப்புத் தொழிலாளி உயிரிழந்தார். ரோபோவை முழுதாக நிறுத்தாமல் பழுது பார்க்க உள்ளே போனதுதான் காரணம்.

மாணவர் போட்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய உண்டு. நின்றுபோன ரோபோ செத்துப்போன ரோபோ அல்ல. சென்சாருக்காகக் காத்திருக்கலாம். சிலிண்டரில் காற்றழுத்தம் அப்படியே இருக்கலாம். இழுத்த ஸ்பிரிங் விடுபடக் காத்திருக்கலாம். வொர்க்‌ஷாப்பில் லேத் ஓடும்போது சக்கில் கை வைக்கும் மாணவனை நம் ஃபோர்மேன் எப்படி விரட்டுவார் என்று பழைய மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை!

அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்காக டீன் கேமன் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு, 1992-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் 28 அணிகளுடன் முதல் போட்டியை நடத்தியது. எம்.ஐ.டி.யில் 1970-களிலிருந்து வடிவமைப்புப் பாடத்தையே போட்டியாக நடத்திப் புகழ்பெற்ற பேராசிரியர் உட்டி ஃப்ளவர்ஸ் அதற்குத் துணை நின்றார். இந்தப் போட்டியின் ரோபோக்கள் 50 கிலோவுக்கும் மேலே போகும். ஆகவே இங்கே பேச்சுக்கே இடமில்லை. ஓட்டுகிற மாணவர்கள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்பார்கள், ஆட்டம் முடியும்வரை ரோபோவை யாரும் தொட முடியாது. 2003-இல், ஆட்டத்தின் முதல் 15 விநாடி ரோபோ தானாகவே இயங்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. அந்த நேரத்தில் ரோபோவை மட்டுமல்ல, ஓட்டும் கருவியைக்கூடத் தொடக் கூடாது.

"ரீட்ரை!"

ஆசியா வேறு வழியில் போயிற்று. ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி 1988-இல் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு போட்டியைத் தொடங்கியது. பின்னணியில் இருந்தவர் பேராசிரியர் மசாஹிரோ மோரி. 1991-இல் அது பல்கலைக்கழகங்களுக்கும் வந்தது. 2002-இல் ஆசிய-பசிபிக் ஒலிபரப்பாளர் சங்கமான ஏ.பி.யு. அதை நாடுகளுக்கு இடையிலான ரோபோகான் ஆக்கி, முதல் போட்டியை டோக்கியோவில் நடத்தியது. வென்றது ஜப்பான் அல்ல, வியட்நாமின் ஹோ சி மின் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்.

நம் நாட்டில் தூர்தர்ஷன் மூலமாக இது வந்தது. 2008-இல் புனே நகரில் நடந்த ஆட்டம், கண்ணன் வெண்ணெய் திருடும் உறியடியை வைத்து அமைந்தது. 2022-க்கு இந்தியா கொடுத்த ஆட்டம் லகோரி, அதாவது நாமெல்லாம் தெருவில் ஆடிய ஏழு கல் ஆட்டமேதான்!

ரோபோகான் ஆட்டம் மூன்றே நிமிடம். இங்கே தொடுவதற்கு ஒரு வாசல் வைத்தார்கள். அதன் பெயர் ரீட்ரை. வண்டி சிக்கிக்கொண்டால் மாணவன் நடுவரிடம் கேட்க வேண்டும். நடுவர் அனுமதித்த பிறகு ரோபோவைத் தொட்டு, தொடங்கிய இடத்துக்கோ விதி குறிப்பிட்ட இடத்துக்கோ கொண்டுபோய் மறுபடி விடலாம். ஆனால் கடிகாரம் நிற்காது. கேட்காமல் தொட்டால் விதிமீறல், கட்டாய ரீட்ரை. ரோபோவில் சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தான் இருக்க வேண்டும். மின்சாரம் 24 வோல்ட்டுக்குள், காற்றழுத்தம் 6 பாருக்குள் இருக்க வேண்டும். தொடுகிற கைக்கு ஆபத்து வராமலிருக்க இவ்வளவு ஏற்பாடு.

இந்த வாசலை ஏன் வைத்தார்கள்? என் கணிப்பு இது. நடத்துகிறவர்கள் தொலைக்காட்சிக்காரர்கள். மூன்று நிமிடமும் ஒரு வண்டி அசையாமல் நின்றால் யார் பார்ப்பார்கள்? காரணம் எதுவானாலும் பலன் நல்லதே. எங்கே தப்பு என்று மாணவன் பத்து விநாடிக்குள் முடிவெடுக்கக் கற்றுக்கொள்கிறான்.

2014-இல் மறுபடி புனே நகரில் நடந்த ஆட்டத்தை எனக்கு மிகவும் பிடிக்கும். பெற்றோரைப் போற்றுவதுதான் அதன் கரு. மாணவன் ஓட்டும் 'பெற்றோர்' ரோபோ ஒன்று, தானாக இயங்கும் 'பிள்ளை' ரோபோ ஒன்று. பெற்றோர் பிள்ளையைச் சீசாவுக்கும் ஊஞ்சலுக்கும் தூக்கிப் போகும், ஆனால் ஏணிக்கூண்டில் பிள்ளை தானேதான் ஏற வேண்டும். எதுவரை பிடித்துக்கொள்வது, எங்கே விடுவது என்ற நம்முடைய கேள்வியையே ஆட்டமாக்கிவிட்டார்கள்!

கைக்கு விலை, பிறர் கை

இன்னும் இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, சிறுவர்களுக்கான ஃபர்ஸ்ட் லெகோ லீக். ஆட்டம் இரண்டரை நிமிடம். அண்மை ஆண்டுகளில் ஒவ்வொரு அணியும் ஆறு வில்லைகளுடன் தொடங்குகிறது. ரோபோ தன் வீட்டு எல்லைக்குள் இருக்கும்போது எத்தனை முறை வேண்டுமானாலும் தொடலாம். வெளியே போன பிறகு தொட்டுத் திருப்பிக் கொண்டுவந்தால் நடுவர் ஒரு வில்லையை எடுத்துக்கொள்வார். கடைசியில் மிச்சமிருக்கும் வில்லைகளுக்கு மார்க். பத்து வயதுப் பிள்ளை நின்று கணக்குப் போடுகிறது: "இப்ப தொட்டா ஒரு வில்லை போகும், தொடலேன்னா அடுத்த வேலையே போகும். என்ன பண்ணலாம்?" இதுவும் ஒரு பொறியியல் பாடம்தான்.

இன்னொன்று, 1997-இல் ஜப்பானின் நகோயா நகரில் தொடங்கிய ரோபோகப். 2050-க்குள் மனிதர்களின் உலகக் கால்பந்துச் சாம்பியனை ரோபோ அணி வெல்ல வேண்டும் என்பது அவர்கள் கனவு. அதில் எல்லாரும் ஒரே வகை ரோபோவைப் பயன்படுத்தும் பிரிவு ஒன்று இருந்தது. முதலில் சோனியின் நாய் ரோபோ, 2008 முதல் நாவோ என்ற சுமார் 58 சென்டிமீட்டர் உயர மனித உருவ ரோபோ. வன்பொருள் ஒன்றுதான், வித்தியாசமெல்லாம் மென்பொருளில். அங்கே ஆட்டத்தின் நடுவில் களத்திலுள்ள ரோபோவைத் தூக்குவது துணை நடுவர்களின் வேலை. தண்டனை பெற்ற ரோபோவை வெளியே எடுப்பதும், நேரம் முடிந்ததும் எல்லைக்கோட்டருகே வைப்பதும் அவர்களே. அந்த நடுவர்கள் வேறு யாருமல்ல, மற்றப் போட்டி அணிகளிலிருந்து வரும் மாணவர்கள். நாளைக்கு எதிரில் ஆடப் போகிறவன், இன்று உன் ரோபோவைப் பத்திரமாகத் தூக்கி வைக்கிறான். நினைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய நம்பிக்கை!

ஐ.டி. கார்டு கயிறு

இப்போது என் வாக்கு எந்தக் கட்சிக்கு என்று சொல்ல வேண்டும். அதற்கு முன், நான் கோட்டில் நின்ற ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். ஊரும் கல்லூரியும் வேண்டாம்.

அரையிறுதி. ஓர் அணியின் வண்டி தடுப்பின் ஓரத்தில் லேசாகச் சாய்ந்து நின்றது. பந்து எடுத்துக் கொடுக்கிற மாணவன் குனிந்தான். கழுத்தில் தொங்கிய ஐ.டி. கார்டு கயிறு வண்டியின் கையில் மாட்டி இழுபட்டது. வண்டி நிமிர்ந்து, ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிற்று. எதிர்ப்பக்க நடுவருக்குத் தெரியவில்லை. என் பார்வையில் அவன் முதுகுதான் இருந்தது. கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பையன் கையைத் தூக்கினான். "சார், என் டேக் பட்டுடுச்சு. அதனாலதான் கிளம்புச்சு."

விதிப்படி கட்டாய ரீட்ரை கொடுத்தோம். வண்டி தொடக்க இடத்துக்குப் போயிற்று. அந்த நேரத்தில் எதிரணி முந்திவிட்டது. ஆட்டமும் போயிற்று. களத்துக்கு வெளியே அவன் தோழன் ஒருவன், "உன்னை எவன்டா கேட்டான்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தேன். அவன் பதில் சொல்லவில்லை. டூல் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து ஒன்றை யோசித்து வருகிறேன். விதி 'தொட்டால் அவுட்' என்றிருந்தால் அவன் கை தூக்கியிருப்பானா? ஒருவேளை தூக்கியிருப்பான், அப்பேர்ப்பட்ட பிள்ளைகளும் உண்டு. ஆனால் எத்தனை பேர்? ஒரு கயிறு பட்டதற்கும், வேண்டுமென்றே தள்ளிவிட்டதற்கும் ஒரே தண்டனை என்றால், உண்மையைச் சொல்கிறவனுக்குத்தான் நஷ்டம் அதிகம். நடுவர் கண்ணுக்குப் படாதவன் பிழைத்துப் போவான். விதி கடுமையாக ஆக ஆக ஒளிவுமறைவும் கூடிக்கொண்டே போகும். தாங்கக்கூடிய விலை வைத்தால் உண்மை வெளியே வரும்.

'தொட்டால் அவுட்' கட்சிக்காரர்கள் கேட்கலாம்: "அப்போ விலையைக் கட்டிட்டு எல்லாரும் தொட்டுக்கிட்டே இருப்பாங்களே சார்?" நல்ல கேள்வி. ஆனால் ஓடுகிற கடிகாரத்தை மறக்காதீர்கள். மூன்று நிமிடத்தில் நாலு ரீட்ரை எடுத்த அணி ஜெயிப்பது அபூர்வம். தொடாமல் ஓடுகிற வண்டிக்கு இயற்கையாகவே லாபம் இருக்கிறது. வேண்டுமானால் எலிப் போட்டிக்காரர்கள் மாதிரி, கை படாமல் முடித்த அணிக்குக் கொஞ்சம் மார்க் கூட்டிக் கொடுங்கள். நல்லதைப் பாராட்டவும் விதிப்புத்தகத்தில் இடம் இருக்கட்டும்.

ஆகவே, மன்றத்து மாணவர்களே, உலகம் எழுபது ஆண்டுகளாகத் தேய்த்துத் தீட்டியதிலிருந்து நான் எடுத்துத் தருவது இதுதான்.

முதலாவது, மின்சாரமோ காற்றழுத்தமோ உயிரோடு இருக்கும்போது யார் கையும் உள்ளே போகக் கூடாது. முதலில் சிவப்புப் பொத்தான், பிறகுதான் கை. இதில் மன்னிப்பு வேண்டாம். மீறினால் அந்த ஆட்டத்திலிருந்து விலக்குங்கள். கோப்பை அடுத்த வருஷமும் வரும், விரல் வராது.

இரண்டாவது, கேட்டுத் தொட்டால் ரீட்ரை. கேட்காமல் தொட்டாலும், தெரியாமல் பட்டாலும் கட்டாய ரீட்ரை. கடிகாரம் நிற்காது. தானே வந்து சொன்னவனுக்கு அதற்கு மேல் தண்டனை கிடையாது. மறைத்தது தெரிந்தால் அதற்குத் தனியாக மார்க் குறையுங்கள்.

மூன்றாவது, எதிரணியின் ரோபோவை மாணவர் யாரும் தொடக் கூடாது. எடுத்து வைக்க வேண்டுமென்றால் நடுவர் எடுத்து வைப்பார், இரண்டு கையாலும், அதைச் செய்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

இதற்கெல்லாம் நடுவர்கள் வேண்டும். கண் நாலு திசையிலும் இருந்தால்தான் இந்த விதிகளுக்கு உயிர். நம் போட்டியில் ஒரு களத்துக்கு நாலு பேர் வேண்டும், கிடைப்பது இரண்டு பேர்தான். பழைய மாணவர் சங்கம் கோப்பையும் ரொக்கப் பரிசும் கொடுப்பது மகிழ்ச்சி. அதோடு, சென்னையிலும் கோவையிலும் ஓசூரிலும் தொழிற்சாலைகளில் இருக்கும் நண்பர்கள் ஆளுக்கு ஒரு சனிக்கிழமை கொடுத்தால் இன்னும் பெரிய உதவி. நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும், டீயும் சமோசாவும் உண்டு. மன்றத்துப் பிள்ளைகளிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். களத்துக்கு வரும்போது கழுத்துக் கயிறை மட்டும் மறக்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.